சித்தப்பாவின் கீறல்

ஷாம்பு விளம்பரத்துக்குப் பழைய பாணி இசை கேட்டிருந்தார்கள். அப்பாவின் இசைத்தட்டைச் சுழலவிட்டேன். நடுவில் முள் துள்ளியது.

அப்போது நான் சிறுவன்; வியட்நாமில், போர்க்காலச் சைகோன். டோங் டு தெருவில் எங்கள் வீடு. அந்த நாட்டின் தெத் புத்தாண்டன்று இதே தட்டு ஓடிக்கொண்டிருக்க, வெளியே படபடவென்று சத்தம். "சரவெடி போடுறானுவோ, ஓடியாங்க!" என்று கூவி, சொந்த ஊரான காரைக்காலின் திருவிழா நினைப்பில் சித்தப்பா ஜன்னலைத் திறந்தார். குண்டு கழுத்தைத் துளைத்தது. சரிந்தவரின் கை பட்டு முள் தட்டைக் கீறியது. தட்டெல்லாம் ரத்தம். பாடகி பாடிக்கொண்டே இருந்தாள்.

கீறலை நீக்க மனமில்லாமல் இசையை அப்படியே அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"அந்தக் கீறல் சூப்பர் சார்! அதையே திரும்பத் திரும்ப வர்ற மாதிரி பண்ணிக் குடுங்க."

பண்ணிக் கொடுத்தேன். இப்போது டிவியில் ஒருத்தி கூந்தலைச் சிலுப்பும்போதெல்லாம் சித்தப்பா விழுகிறார்.