ரைட் என்றால் வண்டி எடுக்கணும்

என் வீட்டுக்காரர் இருபத்தாறு வருடமாக பஸ் ஓட்டுகிறார். இதுவரை ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. ஆனால் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாலும் அவருடைய வலது கால் மட்டும் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். நான் கொஞ்சம் வேகமாகப் பேசினால் இன்னும் அழுத்தும். அப்பா பிரேக் போடுகிறார் என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். டிப்போவில் அவருக்குப் பட்டப்பெயரே ‘சடன் பிரேக்’தான்.

போன வருடம் மருத்துவச் சோதனையில் இரத்தக் கொதிப்பு எக்கச்சக்கம் என்று எழுதிவிட்டார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோதும் இறங்கவில்லை. ஆறு வாரம் லீவு கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாவது தடவையும் இப்படியே இருந்தால் அவர் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. டிப்போ ஜன்னலில் உட்கார்ந்து மற்ற டிரைவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். சம்பளம் குறையாது, மனுஷன்தான் பாதியாகிவிடுவார். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, ஆஸ்பத்திரி மாடியில் நடக்கிற யோக நித்திரை வகுப்புக்கும் போகச் சொன்னார்.

“தூங்கறதுக்கு ஒரு கிளாஸா?” என்றார் இவர். “நீ பேச ஆரம்பிச்சாலே எனக்குத் தூக்கம் வந்துடுமே!”

ஆனால் அங்கே தூங்கக் கூடாதாம். உடம்பு மட்டும் ஓய வேண்டும், மனசு முழித்திருக்க வேண்டும் என்று டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டார். மாடியில் எட்டுப் பாய், நீலத் திரை, சத்தம் போடாத ஒரு ஃபேன். நான் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து, கூலிக்குத் தைக்கிற பள்ளிக்கூடச் சட்டைகளுக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருப்பேன்.

“கண்ணை மூடிக்குங்க. நான் சொல்ற இடத்துல மட்டும் மனசை வைங்க. ரைட் கட்டை விரல்... ரைட் மணிக்கட்டு... ரைட் முழங்கை...” டீச்சருடைய குரலைக் கேட்டால் எனக்கே ஊசி நழுவும்.

அரை மணி நேரம் கழித்து எல்லாருக்கும் இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். மற்ற ஏழு பேருக்கும் இறங்கியிருக்கும். இவருக்கு மட்டும் ஏறியிருக்கும். மூன்று வாரம் இதே கூத்து.

“சும்மா படுக்கறதுலகூட ஃபெயிலாயிட்டேன் பாரு,” என்றார் ஒரு நாள் படியிறங்கும்போது. சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு டாக்டர் மேல், டீச்சர் மேல், அந்த நீலத் திரை மேல்கூடக் கோபம் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை கையிலிருந்த பட்டன் ஒன்று உருண்டு அவருடைய பாயருகே போனது. குனிந்து எடுக்கும்போதுதான் அவர் காலைப் பார்த்தேன். “ரைட் தோள்...” என்றார் டீச்சர். கால் அழுந்தியது. “ரைட் இடுப்பு...” மறுபடியும் அழுந்தியது. இடது பக்கத்துக்குப் போனதும் கால் அசையாமல் கிடந்தது.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எட்டுப் பேரும் கண்ணைத் திறந்தார்கள்.

“டீச்சர், ரைட்டுன்னு சொல்லாதீங்க! கண்டக்டர் ரைட்டுன்னு சொன்னா இவர் ஆக்ஸிலேட்டரை மிதிச்சு வண்டிய எடுத்துடுவார். இருபத்தாறு வருஷப் பழக்கம்!”

இவர் எழுந்து உட்கார்ந்தார். “அட, ஆமா! அதான் மூணு வாரமா எங்கியோ போயிட்டே இருக்கேன். ஒரு ஸ்டாப்பும் வரல!”

டீச்சருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. “சரி சார், வண்டிய நிறுத்தறதுக்கு என்ன சொல்வாங்க?”

“ஹோல்டான்.”

டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். “ஹோல்டான். கடைசி ஸ்டாப் வந்தாச்சு. எல்லாரும் இறங்கியாச்சு. வலது கட்டை விரல்...” இவருடைய வலது பாதம் மெல்லச் சாய்ந்து பக்கவாட்டில் கிடந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கால் அப்படிக் கிடந்து நான் பார்த்ததில்லை. மடியிலிருந்த சட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு டீச்சர் சொல்வதை எழுதி வந்து, தினமும் சாயங்காலம் வீட்டிலும் அவருக்கு நான் வாசித்தேன். “நீ எக்ஸ்பிரஸ் வண்டி. கை வந்ததும் தெரியல, கால் போனதும் தெரியல,” என்று கிண்டல் செய்வார். பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக வாசிப்பேன். மெதுவாகப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாவது சோதனைக்கு அவர் உள்ளே போனதும் நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். சுவரில் இருந்த அறிவிப்பை இருபது தடவை படித்தேன், ஒரு எழுத்தும் மண்டையில் ஏறவில்லை. கதவு திறந்தது.

“நாளைக்குக் காலைல அஞ்சரை வண்டி,” என்றார்.

அவ்வளவுதான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாத்திரை செய்த வேலை என்று டாக்டர் சொன்னார், பயிற்சி என்று டீச்சர் சொன்னார். உருண்டு போன பட்டனைப் பற்றி யாரும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தையல் மெஷினில் உட்காரப் போனேன். இரண்டு டஜன் சட்டை பாக்கி இருந்தது. மூன்று தடவை முயன்றும் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. இவர் பாயை விரித்தார்.

“படு.”

“எனக்கென்ன வந்துச்சு? நல்லாத்தானே இருக்கேன்.”

“ஆறு வாரமா நீதான் வண்டி ஓட்டின. பேசாமப் படு.”

படுத்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, டீச்சர் மாதிரியே தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஹோல்டான். எல்லாரும் இறங்கியாச்சு. நீயும் இறங்கு.”

தூங்கக் கூடாது என்றுதான் டீச்சர் சொல்லியிருக்கிறார். வலது கட்டை விரல் வருவதற்குள் நான் தூங்கிவிட்டேன்.