வெள்ளியங்கிரி அண்ணனின் இரண்டு விநாடி

எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் வெள்ளியங்கிரி அண்ணனுடையது. வெண்ணந்தூர்ப் பக்கம் அவரைப் போல வீம்பு பிடித்த ஆளை நான் பார்த்ததில்லை. அவர் மனைவி சென்னியம்மாள் ஒரு சண்டையில் கோபித்துக்கொண்டு மேட்டூருக்கு, அப்பன் வீட்டுக்குப் போய் ஒன்பது வருசம் ஆகியிருந்தது. ஒரு நடை போய்க் கூப்பிட்டிருக்கலாம். மனுசன் போகவில்லை. தபாலில் ரேடியோ ரிப்பேர் படித்தார். பேச ஆளில்லாத வீட்டில் அதாவது பேசட்டும் என்றுதான்.

எண்பத்து மூன்றில் யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்தார். ஞாயிறு மதியம் ரேடியோவில், பாட்டுக் கேட்டு எழுதியவர்களின் பெயர்களைப் படிப்பார்கள். குடும்பத்தோடு பெயர் வந்தால் ஊரில் அது ஒரு பெருமை. அண்ணன் கார்டில் "வெள்ளியங்கிரி, சென்னியம்மாள்" என்று எழுதிப் போட்டுவிட்டார். இரண்டு பெயரும் சேர்ந்து ஒரே ஒரு தடவை காதில் விழவேண்டும். அவ்வளவுதான் ஆசை. டீக்கடையில் எல்லார் முன்னாலும் கேட்க வெட்கம். வாராவாரம் வீட்டிலேயே காத்திருந்தார்.

ஏழாவது ஞாயிறு காலை ரேடியோவைத் திருகினால் சத்தமே இல்லை. அதிலிருந்த ஆறு பேட்டரி செல்லும் கசிந்து போயிருந்தன. செல் விற்கும் கடை பூட்டிக் கிடந்தது. என்னிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கேட்டால் எதற்கென்று சொல்ல வேண்டுமே! வீட்டில் இருந்தது டார்ச் லைட்டின் இரண்டு செல், மூன்று வோல்ட். ரேடியோவுக்கோ ஒன்பது வேண்டும்.

மூன்றை ஒன்பதாக்க ஒரு சர்க்யூட் செய்யத் தொடங்கினார். கறுப்பு ஃபெரைட் துண்டில் செம்புக் கம்பியை இரண்டு காயிலாக, அதாவது சுருளாகச் சுற்றி ஒரு டிரான்சிஸ்டரை இணைத்தார். அது கரண்டை விட்டு விட்டு நிறுத்தும். நிறுத்தும்போதெல்லாம் அந்தச் சுருள் அதிக வோல்ட்டைத் தள்ளும். அதை டையோடு வழியாகக் கண்டென்சரில் தேக்கவேண்டும். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு காயிலின் முனைகளை மாற்றிப் போட்டதும் மீட்டர் முள் ஒன்பதுக்கு ஏறியது.

ஆனால் ரேடியோவில் ஒரே இரைச்சல். அவருடைய சர்க்யூட் போடும் சத்தம்தான் அது. சர்க்யூட்டை நிறுத்தினால் ரேடியோவும் நின்றுவிடும். யோசித்து, பெட்டியிலிருந்த பெரிய கண்டென்சர்களையெல்லாம் சேர்த்துக் கட்டினார். இப்போது சர்க்யூட்டின் சுவிட்சை அணைத்த பிறகும், தேங்கிய கரண்டில் இரண்டு விநாடி ரேடியோ சுத்தமாகப் பேசியது. இரண்டு பெயருக்கு அது போதும் என்று நினைத்தார்.

மதியம், இரைச்சலுக்குள் "வெண்ணந்தூர்" என்று கேட்டதும் சுவிட்சை அணைத்தார். "வெள்ளியங்கிரி" என்றது ரேடியோ, கணீரென்று. படித்தவர் ஒரு மூச்சு வாங்கினார். அதற்குள் ரேடியோ அடங்கிவிட்டது. பதறிச் சுவிட்சைப் போட்டபோது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

டீக்கடையில் கேட்டுக்கொண்டிருந்த நான் அரக்கப் பரக்க ஓடிவந்தேன்.

"ஏனுங்கண்ணா, அண்ணி வந்துட்டாங்களா? ரெண்டு பேரு பேரையும் சேத்திச் சொன்னாங்களே! ஊரே கேட்டுதுங்க."

"எனக்கு எம்பேரு மட்டுந்தான் சாமி கேட்டுது" என்றார். நடந்ததையெல்லாம் அப்போதுதான் சொன்னார். இந்த வீம்புக்காரர்மேல் எனக்கிருந்த எரிச்சலெல்லாம் போய் அழுகை முட்டியது.

"எப்புடிச் சொன்னாங்க? நீ சொல்லு, கேக்கறேன்."

ரேடியோவில் படித்தமாதிரியே சொன்னேன். "வெண்ணந்தூர் வெள்ளியங்கிரி, சென்னியம்மாள்."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இன்னொருக்கா சொல்லு சாமி" என்றார்.