அசாம்காரரின் அக்கா

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன், பேத்தி தர்சினிதான் பிழை பார்ப்பாள்; ஆனால் ஆளைக் கண்டால் அளந்துவிடுவேன்.

வெம்பிளியில் நான் மரக்கறி வாங்கும் கடையின் காவலாளி அசாம்காரர். மெலிந்த உடம்பு, நரைத்த மீசை. சென்னையில் வேலை செய்தவர் என்பதால் தமிழ் பேசுவார். கொஞ்ச நாளாகக் கைபேசியை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன தம்பி, கலியாணப் பேச்சோ?" என்று கேட்டேன்.

"இந்த வயசுலயாம்மா! ஊர்ல அக்கா மேல கேஸு. வெளிநாட்டுக்காரின்னு சொல்றாங்க."

குறித்த ஒரு நாளுக்குப் பிறகு பக்கத்து நாட்டிலிருந்து எல்லை தாண்டி வந்தவர்கள் வெளியார் என்று அவருடைய ஊரில் அரசோடு ஓர் ஒப்பந்தம் உண்டாம். அது வேண்டும் என்று கேட்டு மாணவனாக அவரும் ஊர்வலம் போனாராம். அக்காவோ பள்ளிக்கூடம் போகாதவள். சிறுவயதிலேயே கட்டிக்கொடுத்துவிட்டார்கள். எல்லாக் கடதாசியிலும் புருஷன் பெயர்தான். அந்த ஊர்க்காரரின் மகள் என்று காட்டத் தகப்பன் பெயர் ஒன்றிலும் இல்லை.

"அப்ப ஊர்வலம் போனது பிழையெண்டு நினைக்கிறியளோ?"

"இல்லம்மா. எங்க பாஷையும் மண்ணும் எங்களுக்கு வேணும். இப்பவும் போவேன்." கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டுச் சொன்னார்: "அக்காவும் வேணும்."

மண்ணை இழந்து இங்கே வந்தேறியான நான் மரக்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் நின்றேன்.

கூடப்பிறந்தவள் என்று சாட்சி சொல்ல ஊருக்குப் போனவர் இன்னும் கடைக்குத் திரும்பவில்லை.

தர்சினி, இதை ஒருக்கா வாசி பிள்ளை. அவர் வேணும் எண்டு சொன்ன ரெண்டையும் எழுதினனோ, ஒண்டை விட்டிட்டனோ?