கவர்னர் எழுதச் சொன்ன கடிதம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருடம் யோசித்தேன். பிளஸ் டூவோடு படிப்பு நின்றவன் நான், எழுதிப் பழக்கமில்லை. ஆனால் தயக்கத்துக்குக் காரணம் அதுவல்ல. ஒரு நல்ல மனிதரின் பேர் கெட்டுவிடுமே என்று பயந்தேன். அந்தப் பயத்தில் நான் செய்த தப்பையும் சேர்த்தே எழுதுகிறேன். முருகன் மன்னிக்கட்டும்.

நான் பிழைக்க வந்த வெளிநாட்டு ஊரான ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வயதானவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்வது என் வேலை. அப்படித்தான் அந்தப் பெரியவரிடம் போனேன். டென்மார்க்காரர். தொண்ணூறை நெருங்கியவர். மகள் வீட்டில் தங்கியிருந்தார். காலையில் குளிப்பாட்டி, சவரம் செய்துவிட்டு, மதியச் சாப்பாடு கொடுத்து, நாலு மணிக்குக் கிளம்புவேன்.

ஒரு காலத்தில் அவர் வடக்குக் கடலில் ஒரு சின்னத் தீவுக்குக் கவர்னர். நம் ஊர்க் கலெக்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், காற்றில் கூரை போய்விட்டது என்றாலும் ஜனங்கள் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்களாம். மாற்றலாகிப் போன அன்று ஊரே படகுத்துறையில் நின்று அழுததாம். மகள் போட்டோ காட்டியிருக்கிறார்.

அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் தட்டுத் தடுமாறித்தான். அதனாலேயே நன்றாகப் புரிந்தது. என் நெற்றித் திருநீற்றைப் பார்த்து, "என்னப்பா, இன்னிக்கும் உன் சாமிகிட்ட கையெழுத்து வாங்கிட்டியா?" என்பார்.

அவர் பிறந்த நாளுக்கு வருடா வருடம் தீவுக்காரர்கள் வீடியோவில் கூப்பிடுவார்கள். ஹால் நிறைய ஆட்கள் நின்று பாடுவார்கள். முன்வரிசையில் வயதான ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார். கடைசியில் அவர் மட்டும் எழுந்து அவர்கள் பாஷையில் ஏதோ கேட்பார். பெரியவர் தலையாட்டுவார். அன்றைக்கெல்லாம் ஒரு வாய் சாப்பிடமாட்டார். ஊர் நினைப்பு என்று நினைத்துக்கொள்வேன்.

கடைசிப் பிறந்த நாளுக்கு மறுநாள் சவரம் செய்துகொண்டிருந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"அந்த அம்மாவோட புருஷனை நான்தான் கொன்னேன்."

அந்தப் புருஷன் ஒரு படகோட்டி. அரசாங்கக் காகிதக் கட்டு ஒன்று பக்கத்துத் தீவில் நின்ற கப்பலுக்குப் போகவேண்டியிருந்தது. கடல் சரியில்லை, நாளைக்குப் போகிறேன் என்றாராம். இவர், போய்த்தான் ஆகவேண்டும், இது உத்தரவு என்றார். படகோட்டியும் கூடப் போன இரண்டு பேரும் திரும்பவில்லை. விசாரணையில் இவர் எழுதிக்கொடுத்தது, படகோட்டி குடித்துவிட்டுத் தானாகப் போனார் என்று. கவர்னர் சொன்னால் ஊர் நம்பாமல் இருக்குமா?

"ஒரு நாள் லேட்டானா எனக்கு மேலிடத்துல திட்டு விழும். அவ்வளவுதான்," என்றார்.

அப்புறம் வாராவாரம் அந்த விதவை வீட்டுக்குப் போய் விறகு வெட்டிப் போட்டாராம். அதைப் பார்த்துத்தான் ஊர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது.

கடலில் போனவர்கள் பேரைச் சர்ச் வாசல் கல்லில் வெட்டுவது அங்கே வழக்கம். இரண்டு பேரைச் சாகடித்தவன் என்று படகோட்டி பேரை மட்டும் வெட்டவில்லை. "நான் சாகறதுக்குள்ள அந்தப் பேரைப் பாக்கணும், நீங்க சொன்னா கேப்பாங்க." வருடா வருடம் அந்த அம்மா கேட்டது இதைத்தான்.

பெரியவருக்குக் கை நடுக்கம். அவர் சொல்லச் சொல்ல என் இங்கிலீஷில் நானே எழுதினேன். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். "மககிட்ட குடுத்தா கிழிச்சுடுவா. தீவு சர்ச்சுக்கு நீயே தபால்ல போடு."

அன்று அஷ்டமி, மறுநாள் நவமி. நல்ல காரியம், கிருத்திகையன்று அனுப்பலாம் என்று கடிதத்தை முருகன் படத்துக்கு முன்னால் வைத்தேன். கிருத்திகைக்கு முந்தின நாள் அவர் போய்ச் சேர்ந்தார். தீவிலிருந்து மாலை வந்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

வீட்டில் என் மனைவியிடம் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.

"ஏனுங்க, போன மனுசன் பேரை நாம எதுக்குங்க கெடுக்கோணும்?" என்றாள்.

"அந்தம்மா உசுரோட இருக்குதே புள்ள."

"முருகன்கிட்ட வெச்சாச்சில்ல? அவரு பாத்துக்குவாரு, உடுங்க."

விட்டுவிட்டேன். சாமியிடம் ஒப்படைத்துவிட்டதாக என்னையே ஏமாற்றிக்கொண்டேன். சாமி தபால்காரர் இல்லை.

போன வருடம் மளிகைக் கடையில் மகளைப் பார்த்தேன். பேச்சுவாக்கில், முன்வரிசை அம்மா இறந்துவிட்டார் என்றார். சாமான் கூடையை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, அன்றே அந்தத் தீவின் சர்ச்சுக்குக் கடிதத்தை அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்துப் பாதிரியாரிடமிருந்து பதில் வந்தது. கடிதத்தை ஊர்க்கூட்டத்தில் படித்தார்களாம். யாரும் நம்பவில்லை. இது கவர்னருடைய இங்கிலீஷ் இல்லை, புத்தி தளர்ந்த கிழவரிடம் வேலைக்காரன் வாங்கிய கையெழுத்து, அவர் அப்படிப்பட்டவரே இல்லை என்றார்களாம். கல்லில் பேர் ஏறாது.

அவர் உயிரோடிருந்த அந்தச் சில நாட்களில் கடிதம் கிளம்பியிருந்தால், போன் போட்டு அவரையே கேட்டிருப்பார்கள்.

படிப்பவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கவர்னரை ராட்சசன் ஆக்காதீர்கள், என்னை நல்லவன் ஆக்காதீர்கள். நடந்தது இவ்வளவுதான்: அந்தப் படகோட்டி குடிக்கவில்லை. கடல் சரியில்லை என்று சொன்னார். போகச் சொன்னது கவர்னர்.