வாய்த் தண்ணீரில் பூத்த கேந்தி

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதை வைத்துத்தான் பால்வாடி வேலை கிடைத்தது. தருவைகுளத்துக்கு வடக்கே கடலை ஒட்டிய சின்ன ஊர். எழுபதுகளின் நடுவில் என்று ஞாபகம். ஓலைக் கொட்டகை, முப்பது பிள்ளைகள்.

புத்தகத்தில் வசந்த காலம் என்று ஒரு பாடம். படத்தில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூ. ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: "டீச்சர், நம்மூருக்கு அது வராதா?"

வராது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தை பிறந்ததும் கொட்டகை முன்னால் குழி தோண்டினேன். உப்பு மணலை அள்ளிக் கொட்டிவிட்டு, ஒரு வண்டிக்காரரிடம் கேட்டு வாங்கிய கரிசல் மண்ணும் ஆட்டுப் புழுக்கையும் போட்டேன். செண்டுமல்லியை எங்கள் பக்கம் கேந்தி என்போம்; பிள்ளைகள் ஆளுக்கொரு கேந்தி விதை ஊன்றினார்கள். முளைத்தது.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. ஊருக்கே ஒரு நல்லதண்ணிக் கிணறு. வீட்டுக்கு இரண்டு குடம்தான். ஊர்த் தலைவர் வந்து நின்றார்.

"ஏளா, மனுசனுக்கே தண்ணி இல்ல. செடிக்கு ஊத்துதியோ?"

"பாடம் நடத்துதேன் அண்ணாச்சி."

"பாடத்தப் புஸ்தகத்துல நடத்து. இனி ஒரு குடம் அங்கன போச்சுன்னா, நீ கிணத்துப் பக்கமே வரப்படாது."

அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் செடியைச் சாகவிடுவதாக இல்லை.

பிள்ளைகளிடம் சொன்னேன்: "காலைல வாய் கொப்பளிச்ச பெறவு கடைசி வாய்த் தண்ணிய வீட்டுல துப்பாதிய. இங்கன கொண்டாங்க."

மறுநாள் கன்னம் உப்ப வரிசையாக வந்தார்கள். ஒருத்தன் சிரித்துவிட்டான். தண்ணீர் சட்டையில் போயிற்று. அழுதுகொண்டே வீட்டுக்குத் திரும்ப ஓடினான். மற்றவர்கள் குனிந்து அவரவர் செடியில் துப்பினார்கள்.

தலைவர் பார்த்துவிட்டார். "இதென்ன கூத்து?"

"குடம் போகலையே அண்ணாச்சி. பிள்ளைய வாயில உள்ளதுக்குமா காவல்?"

எதிரே கிணற்றடியில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர் துண்டை உதறிக்கொண்டு போனார்.

தினமும் துப்பினார்கள். பாதிக்கு மேல் செத்தது. பதினோரு செடி நின்றது. பங்குனியில் ஒரு காலை மூன்று பூ விரிந்திருந்தது. அதைச் சுற்றி உட்கார வைத்து அந்தப் பாடத்தை நடத்தினேன். புத்தகத்தைத் திறக்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின நாள் தலைவர் மறுபடி வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"மாதா கோயில் பீடத்துக்குப் பூ இல்ல. பறிச்சுக் குடு."

"பறிக்கப்படாது அண்ணாச்சி. பிள்ளைய எல்லாரும் பாக்கணும்."

"மாதாவுக்கே இல்லைங்கியா?"

"மாதாவ இங்கன வந்து பாக்கச் சொல்லுங்க."

அவர் போய்விட்டார். பூ செடியிலேயே இருந்து காய்ந்தது.