சேகர் போட்ட கிராபிக்ஸ் கார்டு

டட்டட்டட்டட்ட...

கேம் நடுவில் கம்ப்யூட்டர் உறைந்தால் ஸ்பீக்கரில் வரும் சத்தம் அது. கடைசியாகக் கேட்ட எஞ்சின் உறுமல் சிக்கிக்கொண்டு அடித்துக்கொண்டே இருக்கும். கார் வளைவில் நின்றுவிடும். மவுஸ் அசையாது. இருபது வருடமாகியும் காதில் இருக்கிறது.

அப்போது எனக்குக் கல்யாணமாகவில்லை. மலேசியாவின் சிம்பாங் ரெங்கத்தில் தொழிற்சாலை வேலை. சனிக்கிழமை மதியம் கார் ரேஸ். அதற்காகவே புது கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன்.

அதை விற்று, கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தவன் சேகர். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவன். டவுனில் சின்னதாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான்.

"வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டிருக்கேன். நீயா தொறந்து நோண்டாத லா."

நான் திறக்கவில்லை. மோட்டார் சைக்கிள் வாங்கினாலும் டிவி வாங்கினாலும் எங்கள் வீட்டில் செய்வதைத்தான் செய்தேன். கோயிலில் அர்ச்சனை செய்து, திருநீற்றுப் பொட்டலத்தைக் கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கத் திறப்பு வழியாக உள்ளே தள்ளிவிட்டேன்.

கடிதம் அடித்தால் ஒன்றும் ஆகாது. கேம் திறந்த ஐந்தாவது நிமிடம்... டட்டட்டட்ட. டிரைவரை மாற்றினேன். விண்டோஸை இரண்டு முறை அழித்துப் போட்டேன். ஏர்கான் அறைக்குத் தூக்கிப் போனேன்.

பழைய கார்டைப் புது டப்பாவில் வைத்துத் தலையில் கட்டிவிட்டான் என்று முடிவு செய்து போன் போட்டேன்.

"பெட்டிய கொண்டு வா மணியம். தொறந்து பாத்துர்றேன்," என்றான்.

"இருக்கறதையும் மாத்திடுவ. உன்னத் தெரியாதா?"

"அலமாக்... யார்கிட்ட பேசுறன்னு தெரிஞ்சுதான் பேசுறியா?"

போனை வைத்துவிட்டேன். தொழிற்சாலையில், கோயிலில், கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் அவன் ஏமாற்றுக்காரன் என்று சொன்னேன். அடுத்த வருடம் அவன் கடையை மூடிவிட்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். நல்லா வேணும் என்று நினைத்தேன். என் கல்யாணத்துக்கு அழைக்கவில்லை. அவன் அப்பா இறந்தபோதும் போகவில்லை. எனக்கு வர வேண்டிய பதவியைத் தட்டிப் பறித்தவனைக்கூட இரண்டாவதாகத்தான் வைத்திருந்தேன். என்னை ஏமாற்றியவர்கள் பட்டியலில் முதல் பெயர் சேகர்.

போன சனிக்கிழமை பழைய சாமான் லாரி வந்தது.

"அந்தப் பழைய கம்ப்யூட்டர்ல போட்டோ இருக்கும். ஹார்ட் டிஸ்க்க மட்டும் கழட்டிட்டு குடுங்க," என்றாள் மனைவி.

ஸ்டிக்கரை முதல் முறையாகக் கிழித்தேன்.

கார்டின் விசிறிக்குள் காகிதப் பொட்டலம். கோயில் பெயர் அச்சடித்தது. நான் தள்ளியது. விசிறி சுற்ற வழியே இல்லை... கார்டு சூடேறிச் சூடேறி நின்றிருக்கிறது.

லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். போனில் அதைப் படம் பிடித்துவிட்டு, லாரியைத் திருப்பி அனுப்பினேன்.

ஒன்றாகப் படித்த கூட்டாளி ஒருவனிடம் நம்பர் வாங்கி, சேகருக்குப் படம் அனுப்பினேன். 'நான் செருகியது' என்று மட்டும் எழுதினேன்.

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "எடுத்துட்டு போட்டுப் பாத்தியா? ஓடுதா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

என் மகனுடைய கம்ப்யூட்டருக்குப் பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே விளக்கு. எந்த விசிறி நின்றாலும் நாற்காலியிலிருந்தே தெரியும். அப்போது தகரப் பெட்டி... ஆனால் திறந்து பார்க்கிறேன் என்று ஒருவன் சொல்லத்தான் செய்தான்.

பொட்டலத்தை எடுத்துவிட்டு ஸ்விட்சைத் தட்டினேன். விசிறி சுற்றியது. முழு ரேஸும் ஓடியது.

அதை அவனுக்கு எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை.