ஆலையின் வெள்ளிவிழாப் பதக்கம்

கடைத்தெருக் கோடியில் தராசு பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த அந்த மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. எல்லோருக்கும் அவர் தராசுக்காரர்தான். மளிகைக் கடையோ இரும்புக் கடையோ மருந்துக் கடையோ, எங்கே முள் ஒரு பக்கம் சாய்ந்தாலும் அவருக்கு ஆள் வரும். சின்ன அரம், குறடு, ஈயம் உருக்கும் கரண்டி எல்லாவற்றையும் ஒரு தோல்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். படிக்கல் தேய்ந்திருந்தால் அதன் அடிக்குழியில் ஈயம் ஊற்றிச் சரிக்கட்டுவார். எடையைக் கொஞ்சம் குறைத்து வைக்கச் சொல்லிக் கண்ணடிக்கும் கடைக்காரர்களிடம், "அதுக்கு வேற ஆளைப் பாருங்கண்ணே" என்று பையை மூடிவிடுவார்.

பதக்கப் பித்து அவரைப் பிடித்ததும் தராசுத் தட்டில்தான். ஒரு காய்கறிக் கடையில் இரண்டு தட்டும் சமமாக நிற்பதற்காக, ஒன்றின் அடியில் வட்டமான உலோகத் துண்டைக் கம்பி சுற்றிக் கட்டியிருந்தார்கள். அவிழ்த்துத் துடைத்தால் ஒரு பக்கம் பாலத்தின் வளைவுகள், மறுபக்கம் அந்தப் பாலம் திறந்த ஆண்டு. டாலர் நாணயம் அளவு, நல்ல கனம். கடைக்காரருக்கு அது வெறும் பாரம். தராசுக்காரர் அதற்குச் சரியாக ஈயத்துண்டு ஒன்றை வெட்டிக் கட்டிக் கொடுத்துவிட்டுப் பதக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து போன இடமெல்லாம் கண் தட்டுக்கு மேலே இருப்பதைவிட அடியில் இருப்பதையே தேடியது. குடிநீர்க் கோபுரம் கட்டியதற்கு அடித்த பதக்கம், கப்பல் ஒன்று தண்ணீரில் இறங்கிய நாளின் பதக்கம், பள்ளிக்கூடத்தின் நூறாவது ஆண்டுப் பதக்கம், காசுக்குப் பதிலாகச் செல்லும் படகுத்துறை வில்லை, தொழிற்சாலை வில்லை என்று அலமாரியின் இழுப்பறைகள் நிரம்பின.

ஒரு தடவை மனைவியிடம், "சந்தை வரைக்கும் போயிட்டு வரேன். ஒரு டாலர் கிடைக்கும்னு சொன்னாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது, டாலர் நாணய அளவில் இருப்பதால் சேகரிப்பவர்கள் டாலர் என்றே அழைக்கும் படகுத்துறை வில்லையை. அந்த அம்மாள் நினைத்ததோ சங்கிலியில் கோக்கிற டாலரை. திரும்பி வந்து காகிதத்தைப் பிரித்ததும் அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சங்கிலி மாட்ட ஓட்டை எங்கங்க?"

"ஓட்டை போட்டா அதுக்கு மதிப்பு போயிடும்."

"போடலன்னா எனக்கு அதுமேல மதிப்பு இல்லையே."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்தப் பதக்கம் வந்தாலும் 'ஓட்டை இல்லாத டாலர்' என்றுதான் பெயர்.

இவ்வளவு சேர்த்தவருக்குச் சொந்த ஊர்ப் பதக்கம் ஒன்று மட்டும் கைக்கு வரவில்லை. அது பஞ்சாலையின் வெள்ளிவிழாப் பதக்கம். அவருடைய அப்பாவும் பெரியப்பாவும் அந்த ஆலையில் நூற்பு எந்திரத்தில் நின்றவர்கள். ஆலைக்கு இருபத்தைந்து ஆண்டு நிறைந்தபோது, ஒவ்வொரு தொழிலாளிக்கும் வெள்ளியில் ஒரு பதக்கம் கொடுத்தார்கள். ஒரு பக்கம் புகைபோக்கி. மறுபக்கம் நூல் கதிரைப் பிடித்த கை, அதன் கீழே 'உழைப்புக்கு நன்றி' என்ற எழுத்து. நன்றி சொன்ன சூடு ஆறுவதற்குள் ஒரு ஷிப்டையே மூடிப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "கையில குடுத்துக் கழுத்தை அறுத்துட்டான்" என்று ஊர் பேசியது.

வேலைநிறுத்தம் தொடங்கிய நாளில் தொழிலாளர்கள் வரிசையாக வந்து பதக்கங்களை ஆலை வாசலில் எறிந்தார்கள். குவியல் முழங்கால் உயரம் வந்தது என்று சொல்வார்கள். நிர்வாகம் அதை அள்ளி உருக்கிவிட்டது. எறியாதவர்கள் உள்ளே வேலைக்குப் போன கருங்காலிகள் மட்டுமே என்பது ஊரின் தீர்ப்பு. ஆகவே ஒரு வீட்டில் அந்தப் பதக்கம் இருந்தால் அந்த வீட்டுக்காரர் யார் என்று சொல்லத் தேவையில்லை. அது உங்களிடம் இருக்கிறதா என்று யாரையும் கேட்கவும் முடியாது. கேட்பது முகத்தில் அறைவதற்குச் சமம்.

தராசுக்காரரின் அப்பா வெளியே நின்றார். பெரியப்பா உள்ளே போனார். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த அண்ணன் தம்பி அதற்கப்புறம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை. அப்பா இறந்தபோது பெரியப்பா எதிர்ச்சாரியில், மூடிய கடையின் வாசலில், எல்லோரும் கலைந்து போகும்வரை நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. தராசுக்காரரும் கூப்பிடவில்லை.

பெரியப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு மத்தியானம், அவருடைய மகள் கடை வாசலில் வந்து நின்றாள். தலை முழுக்க நரைத்திருந்தது.

"தம்பி, என்னைத் தெரியுதா?"

"தெரியாம என்னக்கா? உக்காருங்க."

ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவள் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். உள்ளே இருந்தது கறுத்துப்போன வட்ட வெள்ளி. புகைபோக்கியைப் பார்த்ததும் தராசுக்காரருக்கு அது எதுவென்று தெரிந்துவிட்டது.

"அப்பா அலமாரியில இருந்துச்சு. நீ இதெல்லாம் சேக்கிறேன்னு அவருக்குத் தெரியும். 'நான் உயிரோட இருக்கிற வரைக்கும் அவன் வாங்கிக்க மாட்டான், அப்புறமா குடு'ன்னு சொல்லியிருந்தாரு."

அவர் அதை விளிம்பில் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். கை உள்ள பக்கம் தேயவே இல்லை. யாரும் அதை வெளியே எடுத்ததில்லை, தொட்டதில்லை என்று தெரிந்தது.

"பெரியப்பா ஏன்க்கா உள்ள போனாரு?"

"நானும் கேட்டிருக்கேன். ஒரு தடவைகூடச் சொல்லல. இப்ப நானா ஒரு காரணத்தைக் கட்டிச் சொன்னா அது பொய்யாப் போயிடும்." கைக்குட்டையை மடித்தாள். "ஒண்ணு மட்டும் கேக்கிறேன். யாரோடதுன்னு யாராவது கேட்டா மறைக்காத. மறைச்சு மறைச்சு எங்களுக்கு அலுத்துப்போச்சு."

வருஷத்துக்கு ஒருமுறை ஊர் நூலகத்தின் கூடத்தில் அவர் தம் பதக்கங்களைக் கண்ணாடிப் பெட்டியில் பரப்பி வைப்பது வழக்கம். அந்த ஆண்டு நடுவில் இதை வைத்தார். அருகில் ஓர் அட்டை: 'ஆலை வெள்ளிவிழாப் பதக்கம். என் பெரியப்பாவுடையது. வேலைநிறுத்தத்தின்போது அவர் வேலைக்குப் போனார்.' அட்டையைப் படித்துவிட்டு மனைவி, "ஊர் வாயை மூட உலைமூடி கிடையாதுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவள் சொன்னபடியே ஆயிற்று. இரண்டாம் நாள் கொடிக்காரர் வந்தார். அந்த வேலைநிறுத்த ஊர்வலங்களில் கொடி பிடித்து முன்னால் போனவர். இப்போது கைத்தடி பிடித்திருந்தார். ஆலை வாசலில் அடிபட்டுக் கடைசிவரை எழுந்து நடக்காமல் கிடந்து செத்தவன் அவருடைய தம்பி. அட்டையை எழுத்துக் கூட்டுகிறவர்போல நிதானமாகப் படித்தார்.

"உங்கப்பா இருந்தா இதை இங்க வெச்சிருப்பியா?"

"மாட்டேங்க ஐயா."

"அப்ப அவர் போகட்டும்னுதான் காத்திருந்தியா?"

கொடிக்காரர் திரும்பி நடந்தார். கூடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக அவர் பின்னாலேயே போனார்கள். அடுத்த நாட்களில் பெட்டிக்கு முன்னால் ஈ காக்கை இல்லை. கடைக்கு வரும் வேலையும் குறைந்தது. வழக்கமாகக் கூப்பிடும் இரும்புக் கடைக்காரர்கூட, முள் ஓடாத தராசை வைத்துக்கொண்டே வியாபாரம் பார்த்தார்.

அப்புறம்தான் அது நடந்தது. தராசுக்காரரின் கடைக்கு வெளியே, மூட்டை நிறுக்கும் பெரிய தராசு ஒன்று சங்கிலியில் தொங்கும். உள்ளே தூக்கி வைக்க முடியாத கனம். ஒரு காலை கடை திறக்கப் போனவர், அதன் தட்டில் ஒரு பழைய துணிப்பொட்டலம் இருப்பதைப் பார்த்தார். பிரித்தால் ஆலைப் பதக்கம். யார் வைத்தது என்று அக்கம்பக்கத்தில் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. சில நாள் கழித்து இன்னொன்று, தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து. அப்புறம் காகிதத்தில் சுற்றிய இரண்டு, ஒன்றாக. மழைக்காலம் வருவதற்குள் ஒரு தகரப் பெட்டி நிறைந்துவிட்டது.

உள்ளே வேலைக்குப் போனவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் என்பது ஊரறிந்த விஷயம். இவ்வளவு பதக்கமும் அவர்கள் வீட்டிலிருந்து வந்திருக்க முடியாது. தராசுக்காரர் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவருக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. அந்த ஆலையில், காசுக்குப் பதிலாகக் கொடுத்துச் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கூட வில்லை என்று ஒன்று உண்டு. வெள்ளை உலோகம், பதக்கத்தின் அதே அளவு. தொழிலாளி ஒவ்வொருவரிடமும் நாலைந்து இருந்திருக்கும். ஊரில் கொட்டிக் கிடக்க வேண்டிய பொருள். ஆனால் இத்தனை வருஷத் தேடலில் அவருக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் அன்று பதக்கத்துக்குப் பதிலாக ஆலை வாசலில் விழுந்திருக்கின்றன என்று இப்போது புரிந்தது. புரிந்ததை மனைவியிடம் மட்டும் சொன்னார்.

அவள் மாமனாரை நினைத்து, "மாமா எதைப் போட்டிருப்பாரு?" என்றாள்.

"தெரியாது. வீட்டுல பதக்கம் இல்ல. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

"அந்தக் கொடிக்காரப் பெரியவருக்கு இது தெரியவே வேணாங்க."

ஆனால் சுவருக்கும் காது உண்டு. தகரப் பெட்டியின் சேதி எப்படியோ எட்டி, கொடிக்காரர் ஒரு சாயங்காலம் கடைக்கே வந்துவிட்டார். ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"எடு. பாக்கணும்."

தராசுக்காரர் பெட்டியைத் திறந்து வைத்தார். பெரியவர் ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் அடுக்கினார். பாதியில் நிறுத்திவிட்டார்.

"நான் முன்னால கொடியோட நின்னேன். வாசலைப் பார்த்து. திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு நின்னேன், பாக்கவே இல்ல. பின்னால சத்தம் மட்டும் கேட்டுச்சு. மழை மாதிரி விழுந்துச்சு. அந்தச் சத்தத்தைத்தான் இத்தனை வருஷமா மேடை மேடையாச் சொல்லிட்டிருக்கேன்." பெட்டியைத் தள்ளி வைத்தார். "அப்ப விழுந்தது என்ன?"

ஒற்றைச் சாப்பாட்டுக்கூட வில்லை அவர் கைக்கெட்டும் இழுப்பறையில்தான் இருந்தது. தராசுக்காரர் அதைத் திறக்கவில்லை.

"பதக்கம்தாங்க ஐயா. நிறையப் பேர் எறிஞ்சாங்க. ஆலையில எத்தனை ஆளுங்க. இது மிச்சம்."

பெரியவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பினாரா இல்லையா என்று சொல்ல முடியாத பார்வை. பிறகு கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"உங்கப்பா எறிஞ்சாரு, தம்பி. எனக்குப் பின்னாலதான் நின்னாரு. எறிஞ்சதை நான் என் கண்ணால பாத்தேன்."

திரும்பிப் பார்க்கவே இல்லை என்று சற்றுமுன் சொன்னவர் அவர்தான். தராசுக்காரர் அதைக் கேட்கவில்லை. "சரிங்க ஐயா" என்று சொல்லி, படியிறங்கக் கை கொடுத்தார்.

தகரப் பெட்டியில் இருந்த பதக்கங்களை அவர் நூலகத்துக்கே கொடுத்துவிட்டார். யாருடையவை என்று அட்டை வைக்கவில்லை. அவருக்குத் தெரியாததை எழுத அவருக்கு வராது. பெரியப்பாவின் பதக்கமும் அட்டையும் மட்டும் பழையபடி தனியே இருந்தன. இந்த ஒரு பதக்கத்துக்காகத் தம்மிடம் இருந்த மூன்று அபூர்வ வில்லைகளைத் தருவதாகச் சொல்லியிருந்த வெளியூர்ச் சேகரிப்பாளர், இப்போது அது குவியலாக வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு வராமல் போனார். தராசுக்காரருக்கு அதில் வருத்தம் இருந்ததா என்றால், கொஞ்சம் இருந்தது. இரும்புக் கடைக்காரர் மறுபடி ஆள் அனுப்பினார்.

கொடிக்காரர் அடுத்த கோடையைப் பார்க்கவில்லை. சேதி வந்ததும் பெரியப்பா மகளான அக்கா தராசுக்காரரின் வீட்டுக்கு வந்து, "நானும் வரலாமா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள். அந்த வீட்டு வாசலில் பழைய தொழிலாளர்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். அக்கா தெருவிலேயே நின்றுவிட்டாள். தராசுக்காரர் அவளை விட்டு உள்ளே போகவில்லை. பக்கத்திலேயே நின்றார். கூட்டத்தில் சிலர் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களில் எவர் கை தம் தராசுத் தட்டில் பொட்டலம் வைத்தது என்று தராசுக்காரர் தேடவில்லை.

வெகுநேரம் கழித்துக் கொடிக்காரரின் மனைவி வாசல்படிக்கு வந்தாள். கண்ணைச் சுருக்கி அக்காவை அடையாளம் கண்டுகொண்டாள்.

"நீ அவரு மகதானே?"

"ஆமாங்க."

"வெயில்ல ஏன் நிக்கிற? உள்ள வாம்மா."

அக்கா செருப்பைக் கழற்றினாள். தராசுக்காரர் அவள் குடையை வாங்கி மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு, அவளுக்குப் பின்னால் படியேறினார்.